இலத்தீன் என்னும் திறப்பு

ஜேர்மனியில் வாழும் என் வகுப்புத் தோழர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் ஒரு வினாவை எழுப்பினார். அவருடைய பேத்தி அந்நாட்டு உயர்தரப் பாடசாலை ஒன்றிற் பயில்கின்றாள். ஆங்கிலத்தோடு இரண்டாவது பிறமொழியாக இலத்தீன், பிரெஞ்சு என்னும் இரண்டனுள் ஒன்றை அவள் தெரிந்தெடுத்தல் வேண்டுமாம். “நாங்கள் இருவரும் ஒரே வாங்கில் இருந்து இலத்தீன் படித்தோமே, அதனால் எங்களுக்கு என்ன பயன் விளைந்தது? பிள்ளைக்கு நான் என்ன சொல்ல?” என்று கேட்டார். அன்று நான் மறுமொழி கூறவில்லை. இவ்விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, அம்மறுமொழியையே எழுதலாம் எனத் துணிந்தேன். மக்களையும் பேரப்பிள்ளைகளையும் பல தேசங்களில் வைத்திருக்கும் பழைய மாணவர் பலருக்கும் இவ்வினா உரியதே.

இலத்தீனைப் புகழ்வோர் சொல்லும் முதற் காரணம், அது அறிவைத் தீட்டும் சாணைக்கல் என்பது. எமக்கு அதனைக் கற்பித்த ஆசிரியரும் அவ்வாறே கூறினார், நாமும் நம்பினோம். ஆயின் இந்நம்பிக்கை சோதனையில் தேறவில்லை. அமெரிக்க உளவியலறிஞர் தோர்ண்டைக் என்பார் 1924 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பொது அறிவாற்றலை வளர்ப்பதில் இலத்தீன் ஏனைய பாடங்களினும் சிறந்ததாகக் காணப்படவில்லை. 2003 இல் ஹாக், ஸ்டேர்ன் என்னும் ஜேர்மானிய ஆய்வாளர் இருவர் மற்றொரு சோதனையை வெளியிட்டனர். முன்பு இலத்தீன் கற்றோரையும் பிரெஞ்சு கற்றோரையும் இசுப்பானிய மொழி பயிலச் செய்து ஒப்பிட்டபோது, பிரெஞ்சு கற்றோரே பிழை குறைவாக எழுதினர். எனவே, இசுப்பானியம் பேச விழையும் ஒருவனுக்கு இலத்தீன் குறுக்கு வழியன்று. இவ்வுண்மையை மறைத்து இலத்தீனுக்கு வக்காலத்து வாங்குவது நேர்மையாகாது.

அங்ஙனமாயின் இலத்தீன் கற்பது வீணோ? வீணன்று என்பதே என் கருத்து. ஒரு மொழியைப் பேசக் கற்பது வேறு. மொழிகள் எவ்வாறு அமைந்தன, எவ்வாறு ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று அறிந்து கற்பது வேறு. இலத்தீன் துணைபுரிவது இரண்டாவதற்கே. அவ்வறிவு உடையவனுக்கு, பின்னர்க் கற்கும் மொழிகளில் மனப்பாடம் செய்யவேண்டியது குறையும்.

ஓர் உதாரணம் காட்டுவேன். எட்டு என்பதற்கு இலத்தீனில் ‘ஒக்தோ’ என்பர். அது இத்தாலியத்தில் ‘ஒத்தோ’ என்றும், இசுப்பானியத்தில் ‘ஓச்சோ’ என்றும், போர்த்துக்கேயத்தில் ‘ஒய்த்து’ என்றும் திரிந்தது. இரவைக் குறிக்கும் ‘நொக்தெம்’ என்பது அம்மூன்றிலும் முறையே ‘நொத்தே’, ‘நோச்சே’, ‘நொய்த்தே’ என்றாயிற்று. பாலைக் குறிக்கும் ‘லக்தெம்’ என்பது ‘லாத்தே’, ‘லெச்சே’, ‘லெய்த்தே’ என்றாயிற்று. ஒன்பது சொற்களைத் தனித்தனியே நெட்டுருச் செய்வோன் ஒன்பது சுமைகளைச் சுமக்கின்றான். திரிபின் விதியை அறிந்தவனுக்குச் சுமை ஒன்றே. ஆயினும் இவ்விதி தானாக மாணாக்கன் மனத்திற் புகாது. ஆசிரியர் சொற்களை அருகருகே வைத்துக் காட்டல் வேண்டும். ஒப்பிட்டுக் காட்டாத இலத்தீன் வகுப்பு, பூட்டைக் காட்டாமல் திறப்பை மாத்திரம் கொடுப்பது போன்றது.

இனி, தமிழ்ப் பிள்ளைக்கு உள்ள தனிவாய்ப்பைச் சொல்லுதல் வேண்டும். பிரித்தானியப் பிரதமராயிருந்த சேர்ச்சில், 1930 இல் வெளிவந்த தம் இளமை வரலாற்றில் ஒரு செய்தியைக் கூறுகின்றார். பாடசாலையிற் சேர்ந்த அன்றே ‘மென்சா’, அதாவது மேசை, என்னும் சொல்லின் வேற்றுமை வாய்பாட்டை அவர் படிக்க நேர்ந்தது. அதில் ‘மேசையே!’ என்று விளிக்கும் உருவமும் இருந்தது. மேசையோடு பேசுவார் உண்டோ என்று வினவியதற்கு அவருக்குக் கிடைத்தது கண்டிப்பே. அவ்வாய்பாட்டை நாமும் படித்தோம். ஆனால் எம்முள் எவரும் மயங்கவில்லை. நன்னூல் படித்த எமக்கு எட்டாம் வேற்றுமை விளி என்பது முன்னரே தெரியும். நிலவையும் கடலையும் பறவையையும் விளித்துப் பாடும் மொழிக்கு மேசையை விளிப்பது ஒரு பெரிய காரியமா?

வேற்றுமை மாத்திரமன்று. ‘புவேர் லிப்ரும் லெகித்’ என்னும் இலத்தீன் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘சிறுவன் நூலை வாசிக்கின்றான்’ என்று வரும். ஆங்கிலத்திற் போலச் சொற்களை இடம் மாற்றவேண்டியதில்லை. நடந்தேன், நடந்தாய் என்னும் வினைமுற்றுக்களைப் போல, இலத்தீன் வினையின் ஈறும் தன்மை முன்னிலைகளைத் தானே உணர்த்தும்; தோன்றா எழுவாய் அங்கும் உண்டு. வேறுபாடுகளும் உள. நாம் ‘மேசைகளை’ என்பதை மேசை, கள், ஐ எனப் பிரித்தெடுக்கலாம். இலத்தீனில் எண்ணும் வேற்றுமையும் பிரிக்கவியலாவாறு ஒரே ஈற்றில் ஒன்றிக் கிடக்கும். நம் ‘நல்ல’ என்னும் அடை எவர்க்கும் மாறாது நிற்கும். இலத்தீனில் அது தான் தழுவும் பெயரின் பாலுக்கேற்ப ‘பொனுஸ்’, ‘பொனா’, ‘பொனும்’ என வேறுபடும். பிரெஞ்சும் இசுப்பானியமும் கற்கும்போது மாணாக்கரை வருத்தும் பால் வேறுபாடு இதன் எச்சமே. ஒற்றுமையையும் வேற்றுமையையும் இவ்வாறு எண்ணிப் பார்ப்பவன் பிற மொழியை மட்டுமன்றித் தன் மொழியையும் புதிதாகக் காண்கின்றான். நான் நன்னூலை மெய்யாக விளங்கிக்கொண்டது இலத்தீன் வகுப்பிலேதான் என்று சொன்னால் அது மிகையன்று.

இம்மொழி நமக்கு முற்றிலும் அந்நியமானதும் அன்று. 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட போர்த்துக்கேயர் போய்விட்டனர்; அவர்தம் மொழியின் வாயிலாக வந்த இலத்தீன் சொற்கள் நம் வீட்டிலேயே தங்கிவிட்டன. மேசை ‘மென்சா’வின் வழிவந்தது, கதிரை ‘கத்தேத்ரா’வின் வழிவந்தது. பாண், குசினி, யன்னல் என்பனவும் அவ்வாறே. நாம் திறப்பு என்பதைத் தமிழகத்தார் சாவி என்பர்; அது போர்த்துக்கேயச் ‘சாவே’, அதன் தாய் இலத்தீன் ‘கிளாவிஸ்’. வீரமாமுனிவர் தமிழிலக்கணம் பற்றி இலத்தீனில் எழுதி, 1876 இல் தரங்கம்பாடியில் அச்சான நூலின் பெயர் இந்தக் ‘கிளாவிஸ்’ என்னும் சொல்லோடுதான் தொடங்குகின்றது. அவருடைய கொடுந்தமிழ் இலக்கணமும் இலத்தீனில் எழுதப்பெற்று, 1738 இல் அவ்வூரிலேயே அச்சேறியது. அதற்கும் முன்னர், சீகன்பால்க் இலத்தீனில் எழுதிய தமிழிலக்கணம் 1716 இல் ஜேர்மனியின் ஹாலே நகரில் வெளிவந்தது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் மக்கள் பேசிய தமிழ் எத்தகையது என்பதற்குச் சான்றாகும் இந்நூல்களை மூல மொழியிலே படிக்க வல்லார் நம்மவருள் எத்தனை பேர்?

அத்தகைய கல்வியால் விளையும் பயனுக்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. கரம்பொனிற் பிறந்து உரோமாபுரியிற் பயின்ற தனிநாயகம் அடிகள் இலத்தீனோடு அதன் கிளைமொழிகள் பலவும் அறிந்தவர். 1679 இல் அச்சான புரோயென்சா பாதிரியாரின் தமிழ்-போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்திற் கண்டு, 1966 இல் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தவர் அவரே. அம்மொழிகள் அவருக்குத் தமிழை மறக்கச் செய்யவில்லை. தமிழுக்குத் தொண்டு செய்யும் கருவிகளாயின.

ஆகவே, தோழருக்கு என் மறுமொழி இதுவே: பேத்தி விரைவிற் பாரிசில் உள்ள உறவினரோடு அளவளாவ விரும்பினால் பிரெஞ்சைக் கற்கட்டும். பல மொழிகளை ஆராய்ந்து கற்கும் விருப்பம் அவளுக்கு இருப்பின், தயங்காது இலத்தீனைத் தெரிக. எதைத் தெரியினும், வாரவிறுதித் தமிழ் வகுப்பை நிறுத்திவிடாதீர். எட்டு வேற்றுமையையும் தமிழில் அறிந்த பிள்ளைக்கே இலத்தீன் இலகுவாகும். அவள் வாய்பாட்டை ஒப்புவிக்கும்போது நீரும் அருகில் இருந்து, அதே சொல்லைத் தமிழில் வேற்றுமைப்படுத்திக் காட்டுக. மறந்துபோகும் நிலையிலுள்ள அவளது தமிழுக்கும் அஃது உரமாகும்.

நம் கல்லூரிக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. இலத்தீன் வகுப்பு இங்கு நின்றுபோய்ப் பல்லாண்டுகள் ஆயின. அதனை எல்லார்க்கும் கட்டாயமாக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பாடசாலை நேரத்தின் பின் வாரத்தில் ஒரு மணி, விரும்பி வரும் பத்து மாணாக்கர், நன்னூலையும் இலத்தீன் வாய்பாட்டையும் அருகருகே வைத்துக் கற்பிக்கும் ஓர் ஆசிரியர்: இவ்வளவே போதும். அவ்வகுப்புக்கு வேண்டிய நூல்களை வாங்கித் தருதல் பழைய மாணவராகிய நம் கடன்.