பிறந்த ஊரும் பிரியாத ஊரும்

திருகோணமலைத் துறைமுகத்தை விரும்பி வந்தவர் பலர். போர்த்துக்கேயர் வந்தனர்; கோணேசர் கோயிலை இடித்து அக்கல்லிலேயே கோட்டை எழுப்பினர். ஒல்லாந்தர் வந்தனர், பிரெஞ்சுக்காரரும் சிறிது காலம் எட்டிப்பார்த்தனர். 1795ஆம் ஆண்டு ஆங்கிலேயர் கைப்பற்றினர். அவர்தம் கடற்படையும் 1957இல் விடைபெற்றுச் சென்றது. ஆழ்கடலை நாடி வந்தவர்கள் கடலோடு போயினர். அவர்களுள் எவரேனும் முதுமையில் நம் ஊரை நினைந்து திரும்பி வந்தனரா என்று நாம் கேட்பதுமில்லை. எவரும் அவர்களுக்காகக் காத்திருந்ததுமில்லை.

ஆயினும், இதே கீழைக்கரைக்கு வந்த வேறு சிலர் உளர். 1893ஆம் ஆண்டு திருகோணமலை மறைமாவட்டம் தோன்றியது. மட்டக்களப்பும் அதனுள் அடங்கியிருந்தது. 2012ஆம் ஆண்டிலேதான் அது தனி மறைமாவட்டமாயிற்று. தொடக்கத்தில் பிரெஞ்சு நாட்டு இயேசு சபைத் துறவியர் இங்கு பணியாற்றினர். பின்னர் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பகுதியிலிருந்து அச்சபையினர் வந்தனர். 1947 முதல் 1974 வரை ஆயராயிருந்த இக்னேஷியஸ் கிளெனி அவர்களும் அச்சபையைச் சேர்ந்தவரே.

அவ்வாறு 1948இல் வந்த இளைஞர்களுள் ஒருவர் ஹரி மில்லர் அடிகளார். நியூ ஓர்லியன்ஸ் நகரில் 1925ஆம் ஆண்டு பிறந்தவர். மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் ஆசிரியராகவும் அதிபராகவும் விளங்கினார். போர் மூண்டபோது பாதுகாப்பான தம் தாய்நாட்டுக்கு அவர் சென்றிருக்கலாம். எவரும் குறை கூறியிருக்கமாட்டார். அவரோ சமாதானக் குழுவில் இணைந்து, பிள்ளையைத் தேடிவந்த தாய்மாரின் முறையீடுகளைக் கேட்டு எழுதிவைத்தார்.

அத்துயரம் அவருடைய சபையையும் விட்டுவைக்கவில்லை. அவரோடு ஒரே ஆண்டில் இந்நாட்டுக்கு வந்தவர் யூஜின் ஹேபர்ட் அடிகளார். நம் திருகோணமலைப் புனித சூசையப்பர் கல்லூரி மாணவர்க்குக் கூடைப்பந்து பயிற்றுவித்தவர். பின்னர் மட்டக்களப்பிலும் அப்பணியைத் தொடர்ந்தவர். 1990ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கி ஓர் இளைஞனோடு புறப்பட்டார். இருவரும் வந்து சேரவில்லை.

போர் 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிந்தது. அவ்வாண்டிலே, எண்பது வயதைக் கடந்துவிட்ட மில்லர் அடிகளார் தம் பிறந்த நகருக்குத் திரும்பினார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர் பிறந்த மண்ணில் இளைப்பாறுவதே இயல்பு என்று உலகம் கருதும். ஆனால் அவர் அங்கு நெடுநாள் தங்கவில்லை. மீண்டும் மட்டக்களப்புக்கே வந்துவிட்டார். 2019ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், தம் 93ஆவது வயதில் இங்கேயே கண்மூடினார்.

இதன் காரணத்தை உணர்வது அரிதன்று. பிறந்த நகரில் வீதிகள் இருந்திருக்கும். இளமைத் தோழர் எத்தனை பேர் எஞ்சியிருப்பர்? மட்டக்களப்பிலோ அவர் கற்பித்த மாணவர் இருந்தனர். அம்மாணவரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருந்தனர். பெயர் சொல்லி அழைக்க ஆள் உள்ள இடமே ஒருவனுக்கு வீடு.

யான் சைவன், இந்துக் கல்லூரியொன்றில் கற்பிப்பவன். மிஷனரிமார் வரலாற்றில் நமக்கு மனத்தாங்கல் உண்டு. கல்வியைத் தந்த கையே மதமாற்றத்துக்கும் அழைத்தது என்பதனை ஆறுமுக நாவலர் காலம் முதல் நாம் பேசிவருகிறோம்; அப்பேச்சில் நியாயமும் உண்டு. அதனை மறைத்துவிட்டு நன்றி கூறுவது பொய்ந்நன்றி. ஆனால், துன்பம் வந்த காலத்தில் ஓடாது நின்றவரை, அவர் வேறு சமயத்தவர் என்பதற்காகப் போற்றாது விடுவதும் சைவ நெறியாகாது. இரண்டையும் ஒருங்கே சொல்லப் பழகுவதே கற்றோர்க்கு அழகு.

இன்று காற்று வேறு திசையிலும் வீசுகின்றது. நம் பிள்ளைகள் தொரன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் வாழ்கின்றனர். விடுமுறைக்கு வருகின்றனர், கோணேசரை வணங்கி, கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் நீராடி, நிலாவெளிக் கடற்கரையில் படமெடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். ஊரைப் பார்த்தாயிற்று என்பர். உண்மையில் கல்லையும் கடலையுமே பார்த்தனர். ஒருகால் மணி அடித்துத் தம்மை வரிசையில் நிறுத்திய ஆசிரியர் இன்னும் உயிரோடிருக்கிறாரா, அடுத்த வளவு ஆச்சியின் கண்பார்வை எப்படியிருக்கிறது என்று விசாரித்தவர் எத்தனை பேர்?

மாணவச் செல்வங்களே, நாளை நீங்களும் கடல் கடக்கலாம். போவதில் குற்றமில்லை. போகுமுன் இங்கு நாலு பேருக்காவது உண்மையாய் உதவிவிட்டுப் போங்கள். போன பின் மாதம் ஒருமுறை அவர்களோடு பேசுங்கள். அமெரிக்காவில் பிறந்த ஒரு துறவிக்கு மட்டக்களப்பு ஊரானது அறுபது ஆண்டுக்கால உழைப்பினாலே. இங்கு பிறந்த நமக்கு அவ்வுழைப்பு வேண்டியதில்லை என்று எண்ணாதீர்கள். பிறப்பு ஊரின் பெயரைத்தான் தரும்; அங்கே நமக்காகக் காத்திருக்கும் மனிதரை நாமே தேடிக்கொள்ளவேண்டும்.