பிரேக்கைப் பார்த்து வாங்குங்கள்

1996-ல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வீடியோகேம் மையங்களுக்காக ஒரு ரயில் விளையாட்டைக் கொண்டுவந்தது. ‘டென்ஷா தே கோ’ என்று பெயர். ரயிலில் போகலாம் என்று பொருள். அதில் துப்பாக்கி கிடையாது, எதிரி கிடையாது, பந்தயம் கிடையாது. நேரத்துக்கு ரயிலைக் கிளப்ப வேண்டும், அடுத்த நிலையத்தில் பிளாட்பாரத்தில் குறித்த இடத்தில் நிறுத்த வேண்டும். கொஞ்சம் தாண்டிப் போனாலும் மதிப்பெண் போச்சு, முன்னாலேயே நின்றுவிட்டாலும் போச்சு. இப்படியொரு விளையாட்டை ஜப்பானியர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். வீட்டில் ஆடுவதற்கென்று ரயில் கைப்பிடியைப் போலவே தனிக் கருவிகளும் விற்பனைக்கு வந்தன.

ரயில் ஓட்டுவதன் சாரத்தை டைட்டோ சரியாகப் பிடித்திருந்தது. ரயிலைக் கிளப்புவது எளிது, நிறுத்துவதுதான் வித்தை. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ரயில் சிமுலேட்டர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை. விளம்பரப் படத்தில் கண்ணாடியில் வழியும் மழையையும், பாலத்துக்கு அப்பால் இறங்கும் சூரியனையும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். மழையும் சூரியனும் ஒரு வாரத்தில் பழகிவிடும். பிரேக் சரியாக அமைந்த விளையாட்டு பல ஆண்டுகளானாலும் அலுக்காது.

காரணம் இயற்பியலில் இருக்கிறது. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. ஆயிரக்கணக்கான டன்னை ஒரே இன்ஜின் இழுக்க முடிவது அதனால்தான். அதே காரணத்தால், வேகமாகப் போகும் ரயில் நிற்க ஒரு கிலோமீட்டர்கூட ஆகலாம். பிரேக்கும் காரில் இருப்பது போன்றதல்ல. ரயிலின் முழு நீளத்துக்கும் ஒரு காற்றுக் குழாய் ஓடுகிறது. இந்திய ரயில்களில் அதன் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ. ஓட்டுநர் அதிலிருந்து காற்றை வெளியேற்றினால் பிரேக் பிடிக்கும். மறுபடி காற்றை நிரப்பினால் விடும். நீளமான சரக்கு ரயிலில் இந்த மாற்றம் கடைசிப் பெட்டியை எட்டவே சில விநாடிகள் ஆகும். பிரேக்கை அழுத்துவது பெட்டிகளுக்கு அடியில் இருக்கும் சிறு தொட்டிகளின் காற்று. அவை மறுபடி நிறையவும் நேரம் வேண்டும். இறக்கத்தில் பதற்றப்பட்டு மாற்றி மாற்றிப் பிடித்து விட்டால், உண்மையில் தேவைப்படும் நேரத்தில் பிடிக்கக் காற்று இருக்காது.

1989 மே 12 அன்று கலிபோர்னியாவின் கஹோன் கணவாயிலிருந்து இறங்கிய சதர்ன் பசிபிக் சரக்கு ரயில் ஒன்று கட்டுக்கடங்காமல் பாய்ந்து, சான் பெர்னார்டினோ நகரில் வீடுகளின் மேல் கவிழ்ந்தது. சரக்கின் எடையைக் குறைத்துக் கணக்கிட்டிருந்தார்கள். இன்ஜின்கள் சிலவற்றில், மோட்டாரைக் கொண்டே வேகத்தைக் குறைக்கும் டைனமிக் பிரேக்கும் வேலை செய்யவில்லை. அமெரிக்க சரக்கு ரயில்களுக்கென்றே உருவான ‘ரன் 8’ என்ற சிமுலேட்டரில் அதே கஹோன் மலைப்பாதை உண்டு. படம் சுமார்தான். ஆனால் எடையும் சரிவும் காற்றும் சேர்ந்து ஒரு மனிதனின் கையை எப்படிக் கட்டிப்போடும் என்பது அதில் இறங்கிப் பார்த்தவருக்குத் தெரியும். ஜெர்மனியின் ‘ஜூசி’யும் இந்த ரகம்தான். பகட்டு குறைவு, பிடிவாதமான துல்லியம் அதிகம்.

பார்வைக்கும் அழகாக வேண்டும் என்பவர்கள் போய்ச் சேரும் இடம் பிரிட்டனின் டவ்டெய்ல் கேம்ஸ். இதன் ‘டிரெய்ன் சிம் வேர்ல்டு’ 2017-ல் வந்தது. இன்ஜினுக்குள் எழுந்து நடக்கலாம், கதவைத் திறக்கலாம், சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டு வண்டியை உயிர்ப்பிக்கலாம். பிரிட்டிஷ் ரயில்களில் எச்சரிக்கை ஒலி கேட்டதும் ஓட்டுநர் பொத்தானை அழுத்தாவிட்டால் பிரேக் தானாகவே பிடித்துவிடும். ஜெர்மன் ரயில்களில் எச்சரிக்கை சிக்னலைக் கடந்த பிறகு குறித்த நேரத்துக்குள் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். இந்தப் பாதுகாப்பு ஏற்பாடுகளையெல்லாம் விரும்பினால் இயக்கிக்கொள்ளலாம். அவற்றை அணைத்துவிட்டு ஆடுவது பாதி விளையாட்டைத் தூக்கிப் போடுவதற்குச் சமம்.

விலை விஷயத்தில்தான் கவனம் வேண்டும். கடையில் தெரியும் தொகை நுழைவுச் சீட்டுக்கானது மட்டும். புதிய வழித்தடத்துக்கும் புதிய இன்ஜினுக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். இதே நிறுவனத்தின் பழைய ‘டிரெய்ன் சிமுலேட்டர் கிளாசிக்’குக்கு வந்திருக்கும் கூடுதல் தொகுப்புகள் அனைத்தையும் வாங்கினால் ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். அத்தனையும் யாருக்கும் தேவையில்லை. ஒரு வழித்தடத்தை வாங்கி, அதன் ஏற்ற இறக்கங்கள் மனப்பாடம் ஆகும்வரை ஓட்டுவதுதான் முறை. உண்மையான லோகோ பைலட்டும் ஒரு தடத்தை நன்கு பழகிய பிறகுதான் அதில் வண்டியை எடுக்கிறார்.

ஜப்பானிலிருந்து வந்திருப்பது வேறு மாதிரி. ‘ஜேஆர் ஈஸ்ட் டிரெய்ன் சிமுலேட்டர்’ 2022-ல் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வெளியானது. இதில் திரையில் ஓடுவது வரைந்த காட்சியல்ல, ஓட்டுநர் அறையிலிருந்து எடுத்த உண்மையான வீடியோ. நாம் வேகம் கூட்டினால் வீடியோவும் வேகமாக ஓடும், பிரேக் போட்டால் மெல்ல நிற்கும். இதை உருவாக்கிய ஓங்ககுகான் நிறுவனத்தைத் தொடங்கியவர் மினோரு முகாயா. காசியோபியா என்ற புகழ்பெற்ற இசைக்குழுவில் கீபோர்டு வாசித்தவர். ரயில் நிலையங்களில் வண்டி கிளம்பும்போது ஒலிக்கும் மெட்டுகளுக்கும் இசையமைத்திருக்கிறார். வீடியோ என்பதால் எதிரே வரும் ரயில் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் வரும், வானிலையும் மாறாது. இந்தக் குறையை மன்னிக்கலாம். பிளாட்பாரத்தில் நிறுத்தும் பயிற்சிக்கு இதற்கு இணை குறைவு.

கூட்டாளிகளோடு ஆட விரும்பினால் போலந்தின் ‘சிம்ரெயில்’. ஒருவர் ரயிலை ஓட்ட, இன்னொருவர் எங்கோ ஒரு சிக்னல் கேபினில் உட்கார்ந்து அவருக்குப் பச்சை காட்டலாம். சொந்த ஊர் ரயில் நிலையத்தையே கட்டிப் பார்க்கத் துடிக்கும் பிள்ளைக்கு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் பிறந்த ‘டிரெய்ன்ஸ்’ பொருத்தம். மலை எழுப்பலாம், தண்டவாளம் போடலாம், சிக்னல் நடலாம். இதில் ஓட்டுவதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று பொம்மை ரயிலைப் போல ஒரு குமிழைத் திருப்புவது. இன்னொன்று உண்மையான கருவிகளோடு ஓட்டுவது. பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவதைப் பழக்கிவிடுவது நல்லது.

இத்தனைக்கும் முன்னால் செலவே இல்லாமல் தொடங்க ஒரு வழி இருக்கிறது. 2001-ல் மைக்ரோசாப்ட் ஒரு டிரெய்ன் சிமுலேட்டரை வெளியிட்டது. இங்கிலாந்தின் செட்டில் – கார்லைல் தடத்தில் ‘ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேன்’ நீராவி இன்ஜினையும், ஜப்பானின் ஒடாக்யு தடத்தையும் உலகெங்கும் பலருக்கு அறிமுகம் செய்தது அதுதான். அடுத்த பதிப்பு வெளிவருமுன்பே, 2009 ஜனவரியில், அதை உருவாக்கிக்கொண்டிருந்த ஸ்டுடியோவை நிறுவனம் மூடிவிட்டது. ரசிகர்கள் விடவில்லை. அந்த விளையாட்டுக்கான தடங்களையும் இன்ஜின்களையும் இன்றைய கம்ப்யூட்டரில் ஓடவைக்கும் ‘ஓப்பன் ரெயில்ஸ்’ என்ற மென்பொருளைத் தன்னார்வலர்கள் எழுதினார்கள். அது இலவசம். மைக்ரோசாப்டின் பழைய கோப்புகள் தேவைப்படாத தடங்களும் அதற்கு இலவசமாகக் கிடைக்கின்றன. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண லேப்டாப்பிலும் ஓரளவு ஓடும். டிரெய்ன் சிம் வேர்ல்டுக்கும் சிம்ரெயிலுக்கும் அந்தத் தாராளம் கிடையாது.

நம் ஊர் ரயிலை ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கும் ஓப்பன் ரெயில்ஸ்தான் வாசல். சென்னையைச் சேர்ந்த ஹைப்ரோ இன்டராக்டிவ் உருவாக்கிய ‘இந்தியன் டிரெய்ன் சிமுலேட்டர்’ செல்போனில் பரவலாக ஆடப்படுகிறது. அதில் ருசி கண்ட பிள்ளை கம்ப்யூட்டரிலும் அதே பெட்டிகளைத் தேடும். டபிள்யூடிஎம்-2 டீசல் இன்ஜினையும் டபிள்யூஏபி-4 மின்சார இன்ஜினையும் ரசிகர்கள் ஓப்பன் ரெயில்ஸுக்காக உருவாக்கி வைத்திருக்கிறார்கள். சிலவற்றில் வெளித்தோற்றம் மட்டும் இந்திய இன்ஜின். உள்ளே இழுவையும் பிரேக்கும் வேறு நாட்டு இன்ஜினிடமிருந்து இரவல் வாங்கியவை. ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். வண்ணத்தை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடாமல் நல்ல தொகுப்பைத் தேடிப் பிடிப்பது அந்த உழைப்பாளிகளுக்குச் செய்யும் மரியாதையும்கூட.

பணம் கொடுத்து ஸ்டீமில் வாங்குபவர்களுக்கு ஒரு வசதி. வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த இரண்டு மணி நேரத்தைக் காட்சி பார்த்துக் கழிக்கக் கூடாது. முதலில் அழுத்தமானியைப் பார்த்தபடி பிரேக் போட்டு, முள் இறங்கியபின் எவ்வளவு நேரம் கழித்து ரயில் தளர்கிறது என்று கவனிக்க வேண்டும். பிறகு பத்துப் பெட்டியோடும் ஐம்பது பெட்டியோடும் அதே இறக்கத்தில் இறங்கிப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி நின்றால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அன்றைக்கே பணத்தைத் திரும்பக் கேட்டுவிடலாம்.