நம் முற்றத்து மழைக்கு யார் கணக்கு?



காணைப் பகுதியைச் சார்ந்த உழவர் ஒருவர் எமக்கு எழுதிய மடலில் ஒரு வினாவைத் தொடுத்துள்ளார். "2024ஆம் ஆண்டு ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை என்று செய்தியில் கூறினார்கள். அதே இரவில் எங்கள் ஊரில் எவ்வளவு பெய்தது என்பதை யாரைக் கேட்டு அறிவது?" என்பதே அவ்வினா. எளிய வினாவாகத் தோன்றினும், விடை எளிதன்று. உண்மையைச் சொல்வதாயின், அவ்விரவில் அவர் வீட்டு முற்றத்தில் அளவு பார்த்தவர் எவரும் இல்லையெனில், அக்கணக்கு எக்காலத்தும் கிடைக்கப்போவதில்லை. பெய்த மழை மண்ணிலும் கடலிலும் கலந்துவிட்டது.

அந்நாள்களைச் சற்று நினைவுகூர்வோம். நவம்பர் 30ஆம் நாள் இரவு அப்புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர், இடையிடையே 90. இதே கரையை 2011 டிசம்பர் 30இல் தாக்கிய தானே புயலைக் கண்டவர்கள் இக்காற்றைப் பொருட்படுத்தவில்லை. தானே மரங்களை வேரோடு சாய்த்துச் சென்றது. இது மரங்களை உலுக்கியதோடு நின்றது. "இவ்வளவுதானா புயல்?" என்று கூறிப் படுக்கச் சென்றவர் பலர். ஆனால் கரையேறிய புயல் நகரவில்லை. புதுச்சேரியை ஒட்டியே பல மணி நேரம் அசையாது நின்று, கடலிலிருந்து ஈரத்தை இழுத்து இழுத்து அதே நிலத்தில் கொட்டியது. மறுநாள் காலை 8.30 மணிக்கு அளந்தபோது மயிலத்தில் 51 சென்டிமீட்டர். புதுச்சேரியில் 48க்கும் மேல். புதுச்சேரியில் அதற்கு முன் ஒரே நாளில் பெய்த பெருமழையாகச் சொல்லப்பட்டது 2004 அக்டோபர் 31இல் பதிவான 21 சென்டிமீட்டர்தான்! 24 மணி நேரத்தில் 20.4 சென்டிமீட்டருக்கு மேற்பட்டாலே வானிலைத் துறை அதனை 'அதி கனமழை' என்கிறது. மயிலத்தில் பெய்தது அதனைப் போல இரண்டரை மடங்கு.

சென்டிமீட்டர் என்ற சொல் பலருக்கு வெறும் ஒலியாகவே இருக்கிறது. அதனை நிலத்தில் பரப்பிப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் நீரைச் சிந்தாமல் பரப்பினால், அது ஒரு மில்லிமீட்டர் உயரம் நிற்கும். அவ்வாறாயின் ஒரு சென்டிமீட்டர் மழை ஓர் ஏக்கரில் 40,000 லிட்டர். 50 சென்டிமீட்டர் பெய்தால் ஓர் ஏக்கரில் 20 இலட்சம் லிட்டர்; ஒரு சதுர கிலோமீட்டரில் 50 கோடி லிட்டர். நன்றாக நனைந்து ஊறிய மண் மேலும் குடிக்காது. அந்நீர் எங்கேனும் போயாக வேண்டும் அன்றோ?

மழைக்கு அளவு வைப்பது அயல்நாட்டார் நமக்குக் கற்பித்த புதுமை என எண்ண வேண்டா. நம் முன்னோர் 'ஓர் உழவு மழை', 'ஈருழவு மழை' என மண்ணின் ஈரத்தைக் கொண்டு மதிப்பிட்டனர். முற்றத்துக் கல் உரல் நிரம்பிற்றா, அரை உரல்தானா என்று காலையில் எட்டிப் பார்த்தனர். கௌடில்யரின் அர்த்தசாத்திரம் பண்டகசாலையில் மழையளக்கும் பாத்திரம் வைக்கச் சொல்கிறது. எனினும் உரலில் ஒரு குறையுண்டு. அதன் குழி மேலே அகன்றும் கீழே குறுகியும் இருப்பதால், அகன்ற வாயில் விழுந்த நீர் குறுகிய அடியில் தேங்கி, பெய்ததைவிட அதிகமாகக் காட்டும். நம் வீட்டு வாளிக்கும் இதே குறைதான்.

இன்று வருவாய்த் துறையும் வானிலைத் துறையும் வைத்துள்ள மழைமானிகள் நமது மாவட்டத்தில் இல்லாமல் இல்லை. விழுப்புரம், கோலியனூர், வளவனூர், கெடார், சூரப்பட்டு, நேமூர், கஞ்சனூர், முண்டியம்பாக்கம் என்று நாளிதழில் மழைக்காலந்தோறும் வரும் பட்டியலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆனால் மழை பட்டியலைப் பார்த்துப் பெய்வதில்லை. ஒரு மேகத்திரள் இரண்டு கல் தொலைவுக்குள் ஓர் ஊரை மூழ்கடித்து, அடுத்த ஊரில் தூறலோடு நின்றுவிடும். இரண்டு மானிகளுக்கு நடுவே எத்தனையோ ஊர்கள் கணக்கின்றிக் கிடக்கின்றன.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டின் கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் காலின்ஸ் என்றொரு நகரம் உண்டு. 1997 ஜூலை 28 இரவு அந்நகரைத் திடீர் வெள்ளம் சூழ்ந்து ஐவர் மாண்டனர். பின்னர் ஆராய்ந்தபோது, நகரின் மேற்குப் புறத்தில் ஒன்றேகால் நாளில் ஏறக்குறைய 37 சென்டிமீட்டர் பெய்திருக்க, கிழக்குப் புறத்தில் 5 சென்டிமீட்டர்கூட இல்லை என்பது தெரிந்தது. இதனைக் கண்டறிந்த வழிதான் நமக்குப் பாடம். பல்கலைக்கழகத்து வானிலையாளர்கள் வீடு வீடாகக் கேட்டு, கொல்லைப்புறத்தில் வாளியிலும் தொட்டியிலும் நின்ற நீரின் அளவைச் சேகரித்தார்கள். அடுத்த ஆண்டே, 1998இல், எளிய மழைமானியை மக்கள் கையில் கொடுத்து நாள்தோறும் அளந்து அனுப்பச் செய்யும் அமைப்பொன்றைத் தொடங்கினர். இன்று அது அந்நாடு முழுவதும் பரவிவிட்டது. அதற்கும் முன்னோடி இங்கிலாந்து. 1860இல் சைமன்ஸ் என்பவர் 168 இடங்களின் கணக்கோடு தொடங்கிய பணியில், அவர் 1900இல் மறைந்தபோது மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அளந்துகொண்டிருந்தனர். அவர்களுள் கிராமப் பங்குகளின் குருக்களும் பலர்.

குருக்களைக் குறிப்பிட்டதால் இன்னொன்றும் சொல்லலாம். கியூபாத் தீவின் ஹவானா நகரில் பெலன் கல்லூரியில் இருந்த இயேசு சபைக் குரு பெனித்தோ வீஞ்ஞெஸ், உயரே மெல்லிய முகில்கள் விரிந்து செல்லும் திசையை நாள்தோறும் குறித்து வைத்தார். அதைக் கொண்டே 1875 செப்டம்பரில் புயல் வருவதை முன்னரே அறிவித்தார். மணிலாவில் அதே சபையின் ஃபெதரிகோ ஃபவுரா 1879இல் அவ்வாறே செய்தார். இவர்கள் பெற்றது தீர்க்கதரிசன வரம் அன்று. ஒரு நாளும் தவறாமல் எழுதிய ஏடு.

நம் நாட்டிலும் இத்தகைய ஆர்வலர்கள் தோன்றியுள்ளனர். 'தமிழ்நாடு வெதர்மேன்' என்று மக்கள் அழைக்கும் பிரதீப் ஜான் வானிலைத் துறையின் அலுவலர் அல்லர். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டிய 2015 டிசம்பர் மழையின்போது சென்னை மக்கள் அவர் எழுதியதைப் படித்து வழி தேடினர். இத்தகையோரின் பின்னே பெயர் தெரியாத பலர் மாடியில் மானி வைத்து அளக்கின்றனர். எனினும் அளப்பது ஒன்று, ஆரூடம் சொல்வது வேறொன்று. முன்னதை நாம் அனைவரும் செய்யலாம். பின்னதை வானிலைத் துறையிடமும் கற்றறிந்தோரிடமும் விட்டுவிடுவதே தகும். ஒரு மணி நேரத்தில் 10 சென்டிமீட்டர் பெய்தால்தான் 'மேக வெடிப்பு' என்பர். நம் இளைஞர் சிலரோ ஒவ்வொரு கனமழைக்கும் அப்பெயரைச் சூட்டி வாட்ஸ்அப்பில் ஊரைக் கலக்குகின்றனர். 'அணை உடைந்தது' என்று நள்ளிரவில் குரல் பதிவு அனுப்புவோரைப் பற்றி எழுத எமக்கு மையும் பொறுமையும் போதா.

அணை என்றதும் நினைவுக்கு வருவது, நம் மாவட்டத்தார் மறக்கவியலாத அந்த டிசம்பர் 2. முதல் நாள் இங்கே மழை ஓய்ந்து, வானம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. ஆயினும் வலுக்குறைந்த புயல் மேற்கே நகர்ந்து, கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரைக் கொட்டியது. அந்நீர் தென்பெண்ணையில் இறங்கிச் சாத்தனூர் அணையை அடைந்தது. அதிகாலையில் அங்கிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி திறக்கப்பட்டது. விடிந்தபோது அரசூர், இருவேல்பட்டுப் பகுதிகளில் வெள்ளம். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையின் மீதே ஆறு ஓடியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே இரயில் பாலத்தில் நீர் அபாய அளவைத் தாண்டியதால் இரயில்களும் நின்றன. திருவண்ணாமலையிலோ டிசம்பர் 1 அன்று மலைச்சரிவில் மண் சரிந்து 7 பேர் மாண்டனர். அவர்களுள் ஐவர் சிறார்.

தம் முற்றத்தில் மட்டும் அளந்தவருக்கு ஊத்தங்கரை மழை எவ்வாறு தெரியும்? தெரியாது. ஆகவேதான் அளவு கைமாற வேண்டும். நம் பகுதியின் ஏரிகளும் அவ்வாறு பிணைக்கப்பட்டவையே. மேலேரி நிறைந்து கோடி போனால் அந்நீர் கால்வாய் வழியே கீழேரிக்கு வரும். அதுவும் கோடி போனால் அதற்கும் கீழே. இடையில் கால்வாய் தூர்ந்தோ ஆக்கிரமிக்கப்பட்டோ இருந்தால் அந்நீர் தெருவைத் தேர்ந்துகொள்ளும். மேலேரிக் கரையில் இருப்பவர் கைப்பேசியில் சொல்லும் "எங்கள் ஏரி கோடி போகிறது" என்ற ஒரு சொற்றொடர், கீழூரில் ஆடு மாடுகளை அவிழ்க்கவும் முதியவரை மேட்டுக்கு அழைத்துச் செல்லவும் ஒன்றிரண்டு மணி நேரத்தை ஈட்டித் தரும். நெல் மூட்டையும் பட்டாவும் குடும்ப அட்டையும் அந்நேரத்தில்தான் காப்பாற்றப்படுகின்றன. இதற்காக இரவில் கரைமேல் நடந்து போய்ப் பார்க்கத் துணிய வேண்டா. கோடி போவதன் ஓசை ஊருக்குள்ளேயே கேட்கும்.

இனி, மடல் எழுதிய உழவருக்கு. அடியும் வாயும் ஒரே அகலமுள்ள, செங்குத்தான பக்கங்கள் கொண்ட ஒரு தகர டப்பாவோ கண்ணாடிச் சாடியோ போதும். மரமோ சுவரோ அருகிருந்தால், அதன் உயரத்தைப் போல இரு மடங்கு தொலைவு தள்ளி வையுங்கள். சரியாமல் செங்கல் அணை கொடுங்கள். காலை 8.30 மணிக்கு அளவுகோலை நிமிர்த்தி அளந்து, அன்றைய தேதியிட்டு எழுதி, நீரைக் கொட்டிவிடுங்கள். அகன்ற பாத்திரந்தான் உண்டெனில் நீரை லிட்டர்க் கணக்கில் அளக்கலாம். வாய் 20 சென்டிமீட்டர் விட்டமுடையதாயின், 314 மில்லிலிட்டர் சேர்ந்தால் ஒரு சென்டிமீட்டர் மழை. இடையில் டப்பா நிரம்பும்போல் தோன்றினால் அளந்து, எழுதி, கொட்டி, மீண்டும் வைக்க வேண்டும். 30 சென்டிமீட்டர் உயர டப்பா அன்று மயிலத்தில் விடிவதற்குள் வழிந்தே போயிருக்கும். மின்னல் வெட்டும் வேளையில் மட்டும் வெளியே செல்லாதீர்கள், அளவு காத்திருக்கும்.

மழையற்ற நாளில் சுழி எழுத மறவாதீர்கள். வெறுமையாக விட்ட கட்டம், பெய்யவில்லை என்பதா, பார்க்கவில்லை என்பதா என்று பிறகு எவருக்கும் விளங்காது. பிறருக்குச் செய்தி அனுப்பும்போது ஊர், நேரம், அளவு, அளந்தவர் பெயர் ஆகிய நான்கும் இருக்கட்டும். போன ஆண்டுப் படம் வேண்டா. வெள்ளம் எட்டிய உயரத்தைப் பள்ளிச் சுவரிலோ கோவில் சுவரிலோ கோடிட்டு ஆண்டையும் எழுதி வைத்தால், "இத்தெருவுக்குத் தண்ணீர் வந்ததேயில்லை" என்னும் பேச்சுக்கு அச்சுவரே மறுமொழி கூறும்.

தொடங்குவதற்கு வடகிழக்குப் பருவமழை வரும் அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆடி, ஆவணி மாதங்களின் மாலை இடிமழையே நல்ல பயிற்சி. காணையில் பெய்தது அன்று கெடாரில் பெய்திராது. அவ்விரு ஊர்களிலும் எழுதுவோர் செப்டம்பர் இறுதியில் தம் தாள்களை எமக்கு அனுப்பினால், ஊர் வாரியாக அருகருகே வைத்து இப்பகுதியில் வெளியிடுவோம்.