கால் நகம் சின்ன விஷயமா?

தோழர்களே, உடப்புசல்லாவை மலைகளில் ஈரத்தில் ஏறி இறங்கும் நமக்குக் கால்தான் முதல். பெருவிரல் நகம் சதைக்குள் இறங்கிவிட்டால் அரைப்பேருக்குக்கூட நிற்க முடியாது. ஆனாலும், "நகம்தானே" என்று பிளேடால் மூலையைக் குடைந்து வெட்டிவிட்டு மறுநாள் பெரட்டுக்குப் போகிறோம். மிச்சமிருக்கும் முனை வளர்ந்து இன்னும் ஆழமாகக் குத்துகிறது.

சிவந்து வலிக்கும் ஆரம்பத்தில் வீட்டு வைத்தியம் போதும். இளஞ்சூட்டு நீரில் 15 நிமிடம், தினம் இரண்டு மூன்று தடவை காலை ஊறவைத்து, ஈரம் துடைத்து, நக ஓரத்தின் கீழ் சிறிது பஞ்சு வைக்கலாம். நகத்தை நேராகவே வெட்ட வேண்டும்.

சீழ் வைத்தால் டிஸ்பென்சரிக்குப் போக வேண்டும். மாத்திரை கிருமியை அடக்கும். குத்தும் நகத்தை எடுக்காது.

திரும்பத் திரும்ப வந்தால் ஆஸ்பத்திரிதான். முழு நகத்தையும் பிடுங்கினால் அது மறுபடி முளைக்கும், தொல்லையும் திரும்பலாம். விரலை மரக்கச் செய்து, ஓரத்தை மட்டும் எடுத்து, வேருக்குப் பீனோல் வைத்தால் திரும்பும் வாய்ப்புக் குறைவு. அதைக் கேட்டு விசாரிப்போம்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் வீட்டில் எதுவும் செய்யாமல் உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். நமக்குப் போவது அன்றைய பேர். எனவே சிகிச்சை நாளுக்குச் சம்பளமும், காலுக்கு அளவான பூட்ஸும் கேட்போம். வகுப்பில் நொண்டும் பிள்ளைகளின் போன வருஷச் சப்பாத்தையும் பார்ப்போம்.