திண்டிவனத்தில் மூன்று முறை தட்டப்பட்ட கதவு

தயக்கம் தாண்டி - வாராந்தரப் பத்தி

விழுப்புரத்தில் ரயில் ஏறினால் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் தாண்டித் திண்டிவனம். காலை நேரத்தில் அந்தப் பெட்டிகளில் காலேஜுக்கும் வேலைக்கும் போகிறவர்கள்தான் அதிகம். ஜன்னலோரம் கிடைத்தால் சிலர் தூங்குவார்கள். சிலர் போனில் கந்த சஷ்டி கவசம் கேட்பார்கள். சிலர் பைபிளில் அன்றைய பகுதியைப் படிப்பார்கள்.

அப்படிப் படிக்கிறவர்களில் சிலருக்கு மனசுக்குள் ஓர் ஆசை உண்டு. 'கஷ்டகாலத்தில் என்னைத் தாங்கிப் பிடித்த விசுவாசத்தைப் பற்றி நாலு வரி எழுத வேண்டும். என்னைப்போல் தவிக்கிற யாருக்காவது அது உதவும்.'

ஆசை வந்த அடுத்த நிமிஷமே கேள்விகளும் வரும். 'சொல்வதற்கு நான் யார்? போதகர்கள் இருக்கிறார்கள், ஏற்கெனவே எத்தனையோ புத்தகங்கள் இருக்கின்றன. நான் எழுதினால் யார் படிப்பார்கள்? பாதியில் விட்டுவிட்டால் கேலி செய்ய மாட்டார்களா?' அவ்வளவுதான். நோட்டுப் புத்தகம் முதல் பக்கத்தோடு மூடப்படும்.

இந்த ரயில் போய் நிற்கிற திண்டிவனத்தில்தான், சுமார் 130 வருடங்களுக்கு முன்பு ஓர் இளம்பெண் இதைவிடப் பெரிய தயக்கத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் இருந்தது பேனா அல்ல, ஊழியம். அவர் பெயர் ஐடா ஸ்கடர்.

'எனக்கு வேண்டாம் இந்த ஊர்!'

ஐடா பிறந்தது 1870 டிசம்பர் 9 அன்று, ராணிப்பேட்டையில். தாத்தா ஜான் ஸ்கடர், அமெரிக்காவிலிருந்து முதலில் இலங்கைக்கும் பிறகு சென்னைக்கும் வந்த மிஷனரி மருத்துவர். அப்பாவும் மருத்துவர். சித்தப்பா, பெரியப்பா என்று குடும்பத்தில் பலரும் மிஷனரிகள்.

சின்ன வயதில் ஐடா பார்த்தது 1876-78 தாது வருஷப் பஞ்சம். பசியில் கிடந்த குழந்தைகளுக்கு ரொட்டி கொடுத்தால், அதை வாங்கிச் சாப்பிடக்கூட அவர்களுக்குத் தெம்பில்லை. அந்தக் காட்சி அவரை விடவே இல்லை. பிறகு குடும்பம் அமெரிக்கா போனது. ஆனால் ஊழியத்துக்காக முதலில் அப்பாவும், பின்னால் அம்மாவும் இந்தியா திரும்ப, பள்ளி வயதில் ஐடா உறவினர் வீட்டில் தனியாக விடப்பட்டார்.

மிஷனரி வாழ்க்கை என்றால் அவருக்கு நினைவுக்கு வந்தவை இரண்டு: பசித்த குழந்தைகளின் முகம், அம்மா இல்லாத வீடு. அதனால் அமெரிக்காவிலேயே படித்து, கல்யாணம் செய்துகொண்டு, எல்லோரையும்போல வாழ வேண்டும் என்று முடிவெடுத்திருந்தார். 1890-ல் அவர் திண்டிவனம் வந்ததற்குக்கூட ஒரே காரணம் அம்மாவின் உடல்நிலைதான். அம்மா தேறியதும் கிளம்பிவிட வேண்டும் என்பதே திட்டம்.

அந்த ராத்திரி

அப்போது திண்டிவனம் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. ஒரு நாள் இரவு மிஷன் வீட்டின் கதவு தட்டப்பட்டது. வந்தவர் ஒரு பிராமண இளைஞர். சின்ன வயது மனைவிக்குப் பிரசவ வேதனை, உயிருக்குப் போராடுகிறாள், நீங்கள் வர வேண்டும் என்று ஐடாவைக் கெஞ்சினார். தனக்கு மருத்துவம் தெரியாது, அப்பாதான் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. அந்நிய ஆண் ஒருவர் வந்து பார்க்க அவர்கள் வழக்கம் இடம் தரவில்லை. இளைஞர் தலைகுனிந்து திரும்பிப் போனார்.

சற்று நேரத்தில் மறுபடியும் கதவு. இந்த முறை ஒரு முஸ்லிம் இளைஞர். அதே வேண்டுகோள், அப்பாவை அழைத்துப் போகச் சொன்னதற்கு அதே பதில். மூன்றாவதாக வந்தவர் இன்னொரு இந்து இளைஞர். அவரும் தனியாகவே திரும்பினார்.

மூன்று பேருமே மனைவியைக் காப்பாற்றத்தான் அந்த இருட்டில் ஓடி வந்தார்கள். வீட்டு வழக்கத்தை மீறும் வழிதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

ஐடா அன்று தூங்கவில்லை. விடிந்ததும் தெருவில் சாவு மேளம் கேட்டது. விசாரிக்க ஆள் அனுப்பினார். மூன்று பெண்களுமே இறந்துபோயிருந்தார்கள்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் ஜெபம் செய்தார். வெளியே வந்து அப்பா அம்மாவிடம், அமெரிக்கா போய் மருத்துவம் படித்துவிட்டு இந்தியாவுக்கே திரும்பி வரப்போவதாகச் சொன்னார்.

தகுதி முதலில் வரவில்லை

'நான் யார்?' என்ற கேள்விக்கு அந்த ராத்திரியில் ஐடாவிடம் இருந்த நேர்மையான பதில், 'எதுவும் தெரியாதவள்' என்பதுதான். மறுநாள் காலையிலும் அந்தப் பதில் மாறவில்லை. தகுதி இல்லை என்று ஒதுங்குவதற்குப் பதிலாக, அந்தத் தகுதியைத் தேடி அவர் கிளம்பினார். பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு கார்னெல் மருத்துவக் கல்லூரிக்கு மாறி, 1899-ல் பட்டம் வாங்கினார்.

'ஏற்கெனவே எத்தனையோ பேர் இருக்கிறார்களே' என்று சொல்ல அவரைவிடப் பொருத்தமான ஆள் யார்? வீடு முழுக்க மிஷனரிகள், அப்பாவே டாக்டர். ஆனால் அத்தனை பேர் இருந்தும், அந்த மூன்று வீடுகளின் உள்ளறைக்குள் ஒருவராலும் போக முடியவில்லை. ஒரு பெண் டாக்டரால் போக முடிந்திருக்கும். ஆட்கள் நிறைய இருந்தாலும், அவருக்கென்று ஓர் இடம் காலியாகவே இருந்தது.

எழுத நினைப்பவருக்கும் இது பொருந்தும். கணவரை இழந்த பெண்ணின் ஜெபத்தை அவர்தான் எழுத முடியும். வேலை போன வருஷத்தில் விசுவாசம் ஆட்டம் கண்ட கதையை அதை அனுபவித்தவர்தான் சொல்ல முடியும். போதகரின் பிரசங்கம் போகாத சில உள்ளறைகள் இருக்கத்தான் செய்கின்றன.

யார் கேட்பார்கள்?

படிப்பு முடிந்து இந்தியா கிளம்பும்முன், வேலூரில் பெண்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி கட்டப் பணம் திரட்டும் பொறுப்பு ஐடாவிடம் வந்தது. நாட்கள் குறைவு, வசூலும் சரியாக ஆகவில்லை. அந்த நிலையில் மிஸ் டேபர் என்ற பெண்மணியைப் பார்க்கப் போய், திண்டிவனத்து ராத்திரியை அவரிடம் சொன்னார். கேட்பவர் ஒருவர்தான் என்று அவர் நினைத்திருக்க, பக்கத்து அறையில் இருந்த வங்கியாளர் ராபர்ட் ஷெல் காதிலும் அந்தப் பேச்சு விழுந்தது. காலமான தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார் அவர்.

மேடை இல்லை, கூட்டம் இல்லை. ஒருவரிடம் உண்மையாகச் சொன்னது இன்னொருவர் நெஞ்சில் போய்த் தைத்தது. நமக்குத் தெரியாத கேட்பவர் எந்த அறையில் இருக்கிறாரோ!

ஒரே ஒரு கட்டில்

1900-ன் தொடக்கத்தில் ஐடா வந்து சேர்ந்தார். அப்பாவின் அருகில் இருந்து தொழில் பழகலாம் என்று நினைத்திருந்தார். ஆனால் அந்த மே மாதமே அப்பா காலமானார். வேலூரில் வீட்டிலேயே ஒரு சின்ன அறை, ஒரே ஒரு கட்டில். அவ்வளவுதான் ஆஸ்பத்திரி. ஆரம்பத்தில் இளம்பெண் டாக்டரை நம்பி வரவே ஊர் தயங்கியது. ஆனால் இரண்டே வருடத்தில் அவர் சுமார் 5,000 நோயாளிகளைப் பார்த்திருந்தார். 1902-ல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்க முனைந்தபோது, மூன்று பேர் விண்ணப்பித்தாலே அதிர்ஷ்டம் என்று சொன்னார் அதிகாரி ஒருவர். வந்தவை 151 விண்ணப்பங்கள். அந்தப் பள்ளிதான் வளர்ந்து இன்றைய வேலூர் சி.எம்.சி. ஆனது. அதைப் பார்த்துவிட்டு, 1960 மே மாதம் கொடைக்கானலில் ஐடா காலமானார்.

13 வருடம் எழுதியவர்

எழுத்திலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. ஐடா திண்டிவனத்தில் இருந்த அதே காலகட்டத்தில், தெற்கே திருநெல்வேலிச் சீமையில் எச்.ஏ.கிருஷ்ணபிள்ளை எழுதிக்கொண்டிருந்தார். வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858-ல் ஞானஸ்நானம் பெற்றவர் அவர். ஆங்கிலத்தில் ஜான் பனியன் எழுதிய பயணக் கதையைத் தழுவி, 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காப்பியத்தைத் தமிழில் பாடினார். அது ஒரே மூச்சில் வந்த நூல் அல்ல. 'நற்போதகம்' மாத இதழில் 13 வருடங்கள் தொடராக வந்தது. புத்தகமானது 1894-ல். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள்!

'பாதியில் நின்றுவிடுமோ' என்று பயப்படுகிறவர்கள் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளலாம். அந்த மாதத்துக்கு அந்த மாதத்தின் பகுதி. காப்பியமே அப்படித்தான் முடிந்தது.

இந்த வாரமே தொடங்க...

* ஒரு பக்கம் போதும். ஒரே ஒரு சம்பவம், அதில் கற்றது என்ன என்பதை மட்டும் எழுதுங்கள்.
* பதில் கிடைக்காத ஜெபங்களையும் மறைக்காதீர்கள். வாசிப்பவருக்கு நம்பிக்கை வருவது அங்கேதான்.
* முதலில் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். வசனமும் விளக்கமும் சரிதானா என்று விஷயம் தெரிந்த பெரியவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.
* அடுத்தவர் வீட்டுத் துக்கத்தை அவர் சம்மதம் இல்லாமல் எழுத வேண்டாம்.
* மற்றவர் நம்பிக்கையைக் குத்திக்காட்டி எழுத வேண்டிய அவசியமே இல்லை. ஐடாவை மாற்றிய மூன்று பெண்களில் ஒருவர்கூடக் கிறிஸ்தவர் இல்லை.

தயக்கம் முழுசாகப் போன பிறகுதான் ஐடா கிளம்பினார் என்று நினைக்க வேண்டாம். தயக்கத்தைவிட அந்த மேளச் சத்தம் பெரிதாகக் கேட்டது, அவ்வளவுதான். உங்கள் காதில் கேட்கிற சத்தம் எது, யாருடையது என்று கொஞ்சம் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். எழுத வேண்டிய முதல் வரி அங்கேதான் இருக்கும்.

இன்று அதே ரயில் பாதையில், விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2010-ல் வந்தது. அங்கே பெண்களும் டாக்டருக்குப் படிக்கிறார்கள். ராத்திரியில் பிரசவ வலி வந்தால், பெண் டாக்டர் இல்லையே என்று யாரும் இருட்டில் கதவு கதவாக அலைய வேண்டியதில்லை.