பெரிய கல்லா, வெண்மையான கல்லா?

 

இம்மாதம் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று நெடுநேரம் என் மேசை மீதே கிடந்தது. எழுதியவர் ஒரு தாய். வளைகுடாவில் பணிபுரியும் அவருடைய இளைய மகனுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருக்கிறது. கைக்கூலி என்ற பேச்சுக்கே இடமில்லை என்று மகன் முதலிலேயே சொல்லிவிட்டார். மாறாக, தம் சேமிப்பிலிருந்து ஒரு வைர மோதிரத்தை மஹராகக் கொடுக்க விரும்புகிறார். அல்ஹம்துலில்லாஹ், இத்தகைய பிள்ளைகள் பெருகட்டும்!

சிக்கல் கடையில் தொடங்கியிருக்கிறது. ஒதுக்கிய தொகைக்குள் கடைக்காரர் இரண்டு கற்களைக் காட்டினாராம். ஒன்று ஒரு காரட் எடை, நிறம் ‘எல்’. மற்றொன்று 60 சென்ட் எடை, நிறம் ‘டி’. மூத்த மருமகளின் விரலில் ஒரு காரட் கல் மின்னுகிறது. இளையவளுக்கு அதில் குறைந்தால் வலீமாவுக்கு வரும் பெண்கள் என்ன சொல்வார்கள் என்று தாய் அஞ்சுகிறார். பெண்ணின் காக்காவோ விவரம் தெரிந்தவர். “மஞ்சளடித்த கல் எங்கள் தங்கைக்கு வேண்டாம், சிறிதானாலும் டி நிறமே வேண்டும்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இப்போது இரு வீட்டாருக்கும் இடையே வார்த்தைகள் தடித்து வருகின்றன. “எதை வாங்குவது?” என்று அந்தச் சகோதரி கேட்கிறார்.

இரண்டையும் வாங்க வேண்டாம் என்பதே என் பதில். ஏன் என்று விளக்குகிறேன். வைரம் வாங்கும் எண்ணமுள்ள ஏனைய சகோதரிகளுக்கும் இது பயன்படலாம்.

முதலில் எடையைப் பார்ப்போம். ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். அதை நூறாகப் பகுத்தால் ஒரு பகுதி ஒரு சென்ட். தங்கத்தைக் குறித்து 22 காரட், 18 காரட் என்கிறோமே, அது தூய்மையின் அளவு; இது எடை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. காரட் என்னும் சொல் நமக்கு அந்நியமானதன்று. ஜனாஸாத் தொழுகையில் பங்கு பெறுவோரின் நன்மையைச் சொல்லும் ஹதீஸில் வரும் ‘கீராத்’தும் இதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவை. கராப் என்னும் மரத்தின் விதையை எடைக்கல்லாகப் பயன்படுத்திய காலத்துச் சொல் அது.

கண்ணுக்குத் தெரிவது எடையன்று, கல்லின் அகலம். நன்கு பட்டை தீட்டப்பட்ட ஒரு காரட் வட்டக் கல்லின் குறுக்களவு ஏறக்குறைய ஆறரை மில்லிமீட்டர். 70 சென்ட் கல்லோ ஏறக்குறைய 5.7 மில்லிமீட்டர் இருக்கும். எடையில் முப்பது விழுக்காடு குறைந்தும் அகலத்தில் குறைவது ஒரு மில்லிமீட்டருக்கும் உட்பட்டதே. 90 சென்ட் கல்லுக்கும் ஒரு காரட் கல்லுக்கும் உள்ள வேறுபாட்டை அளவுகோல் இல்லாமல் சொல்ல முடியாது. ஆனால் விலை? 50 சென்ட், ஒரு காரட், ஒன்றரைக் காரட் என முழு எண்களைத் தொடும் இடங்களில் காரட் ஒன்றுக்கான விலையே படியேறிவிடுகிறது. ‘ஒரு காரட்’ என்று சொல்லிக்கொள்ளும் பெருமைக்காகவே மக்கள் தரும் பணம் அது.

இன்னொரு நுட்பமும் இதில் இருக்கிறது. அந்த முழு எண்ணை எப்படியேனும் எட்டிவிட வேண்டும் என்று, பட்டை தீட்டுவோர் சில கற்களின் அடிப்பாகத்தை ஆழமாக விட்டுவிடுவதுண்டு. எடை கூடும், ஆனால் அந்த எடை கல்லின் வயிற்றில் ஒளிந்திருக்கும். இப்படிப்பட்ட ஒரு காரட் கல், ஒழுங்காகத் தீட்டப்பட்ட 90 சென்ட் கல்லைவிடச் சிறிதாகவே தோன்றும்; ஒளியும் மங்கலாக இருக்கும். அந்தச் சகோதரி பார்த்த ஒரு காரட் கல்லின் குறுக்களவு என்ன என்று கடிதத்தில் இல்லை. சான்றிதழில் அது மில்லிமீட்டரில் அச்சிடப்பட்டிருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

அடுத்து நிறம். பெண்ணின் காக்கா பிடிவாதம் பிடிக்கும் ‘டி’ எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் ஜி.ஐ.ஏ. என்னும் இரத்தினவியல் நிறுவனம் 1950களில் வகுத்த வரிசை இது. ஏ, பி, சி என்னும் எழுத்துகளை வணிகர்கள் முன்னரே தத்தம் மனம்போல் பயன்படுத்தி வந்தமையால், குழப்பம் வராதிருக்க ‘டி’யில் தொடங்கினார்கள். டி, ஈ, எஃப் மூன்றும் நிறமற்றவை. ஜி முதல் ஜே வரை ஏறக்குறைய நிறமற்றவை. கே முதல் எம் வரை இலேசான மஞ்சள் சாயல் தெரியும். அதன்பின் இஸட் வரை மஞ்சள் கூடிக்கொண்டே போகும்.

இந்த எழுத்தை எப்படி முடிவு செய்கிறார்கள் என்று அறிந்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். கல்லை மோதிரத்தில் பதிக்காமல் தனியே எடுத்து, முகம் கீழே இருக்கும்படி கவிழ்த்து, அளவான வெண்ணொளியில், முன்பே தரம் கண்ட மாதிரிக் கற்களின் அருகில் வைத்துப் பக்கவாட்டில் பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்தால்தான் ‘டி’க்கும் ‘ஜி’க்கும் உள்ள வேறுபாடு பயிற்சி பெற்ற கண்ணுக்கே புலப்படும். உங்கள் மருமகள் மோதிரத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு விருந்துக்கு வரப்போவதில்லை! மேலிருந்து பார்க்கையில் நல்ல பட்டைகளின் ஒளிச்சிதறல் இலேசான சாயலை மறைத்துவிடும்.

ஆனால் ‘எல்’ நிறம் வேறு கதை. அரைக் காரட்டுக்கு உட்பட்ட சிறு கல்லில் அது அவ்வளவாகத் தெரியாமல் போகலாம். கல் பெரிதாகப் பெரிதாக நிறமும் கண்ணில் படும். ஒரு காரட்டில், அதுவும் வெள்ளைத் தங்கத்திலோ பிளாட்டினத்திலோ பதித்தால், அந்தச் சாயல் பலருக்கும் தெரியும். ஆகவே காக்கா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ‘எல்’ வேண்டாம் என்பது சரி. அதற்காக ‘டி’ வரை ஏறவேண்டும் என்பது சரியன்று.

எங்கே நிற்பது என்பதைக் கட்டும் உலோகமும் கல்லின் வடிவமும் முடிவு செய்கின்றன. வெள்ளை உலோகமானால் ஜி அல்லது எச். நம் வீடுகளில் பெரும்பாலும் விரும்பப்படும் மஞ்சள் தங்கமானால் ஐ, ஜே கூடப் போதும். சுற்றியுள்ள தங்கத்தின் நிறமே கல்லில் பிரதிபலிப்பதால், அங்கே ‘டி’ கல்லுக்குக் கொடுக்கும் அதிகப் பணம் வீண். வட்டக் கல் நிறத்தை நன்றாக மறைக்கும். முட்டை வடிவமும் கண்ணீர்த்துளி வடிவமும் முனைகளில் நிறத்தைச் சேர்த்துக் காட்டும். படிப்படியாகப் பட்டையிட்ட சதுரக் கற்கள் மறைக்கவே மாட்டா. அவற்றுக்கு ஓரிரு படி மேலே போகவேண்டும்.

ஆகவே நம் சகோதரிக்கு என் யோசனை இதுதான்: 70 முதல் 80 சென்டுக்குள் ஒரு வட்டக் கல், நிறம் எச் அல்லது ஐ, கட்டுவது மஞ்சள் தங்கத்தில். பட்டை தீட்டிய தரத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சான்றிதழில் அதற்குரிய மிக உயர்ந்த மதிப்பீடே இருக்கட்டும். பெரிய கல்லையும் சிறிய கல்லையும், வெண்மையையும் மஞ்சளையும் உயிருள்ளதாக்குவது பட்டைதான். தெளிவைப் பொறுத்தவரை, வெறுங்கண்ணுக்குப் புள்ளி தெரியாதிருந்தால் போதும்.

‘புள்ளி’ என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. வைரத்தில் காகபாதம் இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது, தோஷம் தட்டும், சில நாள் வீட்டில் வைத்துப் பார்த்துத்தான் வாங்கவேண்டும் என்ற பேச்சு நம் பெண்களிடமும் புகுந்திருக்கிறது. நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் நாட்டப்படி என்று ஈமான் கொண்டவர்கள், கரியின் படிகமான ஒரு கல்லுக்கு அஞ்சலாமா? ஆனால் அந்த வழக்கத்தில் ஒரே ஒரு பயன் உண்டு. கடையின் விளக்குகள் எந்தக் கல்லையும் மின்னச் செய்யும்படி அமைக்கப்பட்டவை. அங்கிருந்து வெளியே கொண்டுவந்து, காலை வெளிச்சத்தில், வெயில் நேரே படாத சன்னலோரம், மடித்த வெள்ளைத் தாளின் மீது வைத்துப் பார்த்தால்தான் உண்மை நிறம் தெரியும். தோஷம் பார்க்க அல்ல, நிறம் பார்க்கக் கல்லை வெளியே கொண்டு போகலாமா என்று கேளுங்கள். கட்டிய பிறகு பார்ப்பதைவிடக் கட்டும் முன்பே பார்ப்பது நல்லது. அடிப்பாகத்தைத் தங்கத் தகட்டால் மூடிக் கட்டிவிட்டால் பிறகு எதையும் சரிபார்க்க இயலாது.

“எங்களிடம் அசல் புளூ ஜாகர் இருக்கிறது” என்று எவரேனும் சொன்னால் சற்றே நிதானியுங்கள். நம் பாட்டிமார்கள் பெருமையோடு சொன்ன அந்தப் பெயர், தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபான்டெயின் சுரங்கத்திலிருந்து வந்தது. அங்கே கிடைத்த மிக வெண்மையான கற்கள் சில, வெயிலில் இலேசான நீலம் காட்டின. அச்சுரங்கம் 1971இலேயே மூடப்பட்டுவிட்டது. இன்று அப்பெயரில் விற்கப்படும் புதுக் கற்களுக்குப் பெயர் மட்டுமே சொந்தம். அந்த நீலம் புற ஊதாக் கதிர் பட்டால் சில வைரங்கள் வெளியிடும் ஒளி. எந்தச் சுரங்கத்துக் கல்லிலும் இருக்கலாம். ஐ, ஜே நிறக் கல்லில் அது மிதமாக இருந்தால் பகலில் கல் சற்று வெண்மையாகத் தோன்றும், அது நன்மையே. மிகக் கடுமையாக இருந்தால் சில கற்களில் பால் கலந்தாற்போல் ஒரு மங்கல் தெரியும். வெயிலில் ஒருமுறை, நிழலில் ஒருமுறை பாருங்கள்.

அந்தச் சகோதரி கடிதத்தின் ஓரத்தில், “இதே தொகைக்கு இன்னும் பெரிய டி நிறக் கல் வேறு கடையில் கிடைக்கிறதாமே” என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். அது பெரும்பாலும் ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட வைரமாக இருக்கும். அது போலியன்று, வேதியியல்படி வைரமேதான். தகுந்த கருவி இன்றிக் கண்ணால் வேறுபடுத்த முடியாது. விலையோ இயற்கைக் கல்லின் விலையில் ஒரு சிறு பகுதிதான், அதுவும் சில ஆண்டுகளில் வெகுவாகச் சரிந்திருக்கிறது. நிறமற்ற கற்களை ஏராளமாக வளர்க்க முடிகிறபடியால், டி, ஈ என்னும் எழுத்துகளை அவற்றுக்கு அளிப்பதை ஜி.ஐ.ஏ. 2025இல் கைவிட்டுவிட்டது. அணிந்து மகிழ அதை வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் மஹராகக் கொடுப்பதானால், இன்ன கல் என்று பெண் வீட்டாரிடம் வெளிப்படையாகச் சொல்லி அவர்கள் சம்மதித்த பிறகே கொடுக்க வேண்டும். அளவில் மோசடி செய்வோரை எச்சரித்து ஓர் அத்தியாயமே இறங்கியிருக்கும் மார்க்கம் நம்முடையது.

மஹர் என்றதும் இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும்; இவ்வளவு எழுதியதும் இதற்காகத்தான். மஹர் பெண்ணின் உடைமை. ஏழைத் தோழர் ஒருவரிடம் இரும்பு மோதிரமேனும் கிடைக்குமா பார் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை நாம் அறிவோம். ஆகவே அளவு ஒரு பொருட்டன்று. ஆயினும் வசதியுள்ளவர் கொடுப்பது அவளுக்கு ஆபத்துக் காலத்தில் கைகொடுக்க வேண்டாமா? தங்கத்துக்கு அன்றாட விலை உண்டு. எந்த ஊரிலும் விற்கலாம். வைரத்துக்கு அப்படிப் பொது விலை கிடையாது. வாங்கிய கடையே திரும்ப எடுக்கும்போது ஒரு பங்கைக் கழிக்கும். வேறு கடையில் அதைவிடக் குறைத்துக் கேட்பார்கள். நாளை அந்தப் பெண்ணுக்குத் தேவை வந்தால், ஒரு காரட் கல்லின் பெருமை பாதி விலைக்குக்கூடப் போகாமல் நிற்கலாம். எனவே 70 சென்டோடு நிறுத்தி, மிச்சமாகும் தொகைக்குச் சில கிராம் தங்கமாவது சேர்த்து மஹராகக் கொடுங்கள் என்று அந்த மகனிடம் சொல்லுங்கள், சகோதரி. மூத்த மருமகளின் மோதிரத்தோடு ஒப்பிடுவதை இதோடு விட்டுவிடுங்கள். அவள் மஹர் அவளுடையது, இவள் மஹர் இவளுடையது. காக்காவிடமும் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். தங்கையின் நலனை விரும்புகிறவர் மறுக்கமாட்டார்.

ஸக்காத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அணிவதற்காக வைத்திருக்கும் வைரத்துக்கு ஸக்காத் இல்லை, வியாபாரச் சரக்கானால் உண்டு. மோதிரத்தில் உள்ள தங்கத்தின் கணக்கு வேறு. ஹனஃபி மத்ஹபில் அணியும் நகைக்கும் உண்டு. ஷாஃபியில் ஆகுமான அளவில் அணிவதற்கு இல்லை. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கும் நாளில் கவனிக்க வேண்டியவை சில. ரசீதில் கல்லின் எடையும் தங்கத்தின் எடையும் தனித்தனியே இருக்கவேண்டும். கல்லின் எடையைக் கழித்துத்தான் தங்கத்துக்கு விலை போட வேண்டும். தங்கத்தில் ஹால்மார்க் முத்திரையோடு ஆறு எழுத்தெண் கொண்ட அடையாளக் குறியும் இருக்கிறதா என்று பாருங்கள். 2023 ஏப்ரல் முதல் அது கட்டாயம். கல்லின் விளிம்பில் லேசரால் பொறித்த எண் இருந்தால், அது சான்றிதழ் எண்ணோடு ஒத்திருக்கிறதா என்பதைப் பெருக்காடியில் நீங்களே பாருங்கள். சான்றிதழும் ரசீதும் மணமகனின் அலமாரியில் அல்ல, மணமகளின் கையில் இருக்கட்டும். நிக்காஹ் பதிவேட்டில் ‘வைர மோதிரம் ஒன்று’ என்று மொட்டையாக எழுதாமல், எடை, நிறம், சான்றிதழ் எண், தங்கத்தின் எடை நான்கையும் எழுதச் சொல்லுங்கள்.

பெண்ணின் விரல் அளவை மாலையில் எடுங்கள். காலையில் விரல்கள் சற்றுச் சுருங்கியிருக்கும். அப்போது எடுத்த அளவுக்குச் செய்த மோதிரம் வலீமா இரவில் இறங்காமல் தொல்லை கொடுக்கும்.