தெஸுகா யார் பக்கம்?

தகேஷி கொனோமி 1999இல் வரையத் தொடங்கிய ‘டென்னிஸ் இளவரசன்’ என்னும் ஜப்பானியச் சித்திரக்கதை, 2001இல் கார்ட்டூன் படமாகவும் வந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய புதுத் தொடரில் ஜப்பானும் ஜெர்மனியும் அரையிறுதியில் மோதின. வைட்ஃபீல்டில் என் மகனும் அவன் தோழர்களும் வாரந்தோறும் அதற்காகத் தவங் கிடந்தனர். கீழே ஓடும் ஆங்கில வரிகள் என் கண்ணுக்கு எட்டுமுன் மறைந்துவிடும். மகனே தமிழில் சொல்லுவான். அவன் வாயில் அவ்வளவு தமிழ் வேறெப்போதும் வருவதில்லை.

பள்ளி அணித் தலைவனாயிருந்த தெஸுகா, தொழில்முறை ஆட்டக்காரனாகும் பொருட்டு ஜெர்மனி சென்றவன். அந்நாட்டுக்காகவே ஜப்பானின் யுகிமுராவை எதிர்த்து நின்றான்.

“துரோகியா, அப்பா?”

“பிழைக்கப் போனவனடா.”

“அப்படியானால் ரஞ்சிக் கோப்பையில் நாம் யார் பக்கம்?”

நான் தர்மபுரிக்காரன், அவனோ இங்கே பிறந்தவன். ஆட்டம் வரட்டும், பார்ப்போம் என்று அப்போதைக்குத் தப்பினேன்.